எங்கள் தெருவில் யாரும் பேட்டன்ட் வாங்கியதில்லை, மெஷின் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பேட்டன்ட் எதற்கு?

கேள்வி: 6 ஜனவரி 2024, மாலை 5.15

அண்ணா, நான் ஈரோடு பக்கம். மஞ்சள் பாலிஷ் போடும் டிரம் செய்கிற பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பேட்டன்ட் இல்லாவிட்டால் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர்கூட வாங்கியதில்லை. ஆனால் அப்பா செய்த டிரம்மையும் இன்றைக்கு நாங்கள் செய்வதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சாமான் என்றே சொல்ல முடியாது. அப்படியானால் இது எதற்கு? பெரிய கம்பெனி சின்ன ஆளை மிரட்டவா?

6 ஜனவரி, இரவு 10.40

மிரட்டவும் பயன்படுகிறது. ஆனால் பிறந்தது அதற்காக இல்லை.

கணக்கை நம் தொழிலிலேயே போட்டுப் பாருங்கள் தம்பி. ஒரு பாகத்தை எட்டு மாதம் செய்து பார்க்கிறீர்கள். பேட்டர்னை, அதாவது வார்ப்புக்கான மாதிரிக் கட்டையை, நாலு முறை மாற்றி, வார்ப்பு பதினைந்து வீணாகி, லேத் கூலி, கரண்ட் பில், நடுவில் கைவிட்ட ஜாப் ஆர்டர் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சம் போயிருக்கும். கடைசியில் கைக்கு வந்தது கால் கிலோ அலுமினியம். பக்கத்துப் பட்டறைக்காரர் அதில் ஒன்றை வாங்கி, வெர்னியர் வைத்து அளந்து, மறுநாள் மத்தியானத்துக்குள் மோல்டில் போட்டுவிடுவார். அவருக்கு அந்த இரண்டு லட்சத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இருபது ரூபாய் குறைத்து விற்பார். உங்கள் சரக்கு உங்கள் ரேக்கிலேயே தூங்கும். அடுத்த முறை அந்த எட்டு மாதத்தைச் செலவழிப்பீர்களா?

செய்து பார்ப்பதற்கு ஒரு செலவு. பார்த்துச் செய்வதற்கு ஒரு செலவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் பெரிதாக இருந்தால் யாரும் முதல் ஆளாக இறங்க மாட்டார்கள். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் பேட்டன்ட். இருபது வருடத்துக்கு இதை வேறு யாரும் செய்யக்கூடாது, செய்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அரசாங்கம் ஒரு வேலி போட்டுத் தருகிறது.

வேலி சும்மா கிடைக்காது. எப்படிச் செய்வது என்பதை, துறை தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டுச் செய்கிற அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அது வெளியிடப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பேட்டன்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே 'திறந்திருப்பது' என்றுதான் பொருள். முத்திரையிட்டு மூடாத, எல்லோர் கண்ணிலும் படுகிற அரசாணை. பலர் இதை ரகசியம் காக்கும் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரகசியமாக வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் பேட்டன்ட் பக்கமே போகக்கூடாது.

7 ஜனவரி, காலை 6.20

ராத்திரி எழுதியது பொதுவாகப் போய்விட்டது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கோவை, கணபதி பக்கம். ஹோட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர் செய்கிறேன். இந்த மெஷினில் முதலில் சாவது பேரிங். ஆட்டி முடித்ததும் பையன் பக்கெட் தண்ணீரை அடித்து ஊற்றிக் கழுவுவான். டிரம்மின் வெளிப்பக்கம் வழியும் தண்ணீர் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, பேரிங் உட்காரும் கூடான ஹவுசிங்குக்குள் போகும். அதைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், புதிதாக இருக்கும்வரை தாங்கும். உளுந்து மாவு காய்ந்து சீலின் உதட்டில் உப்புத்தாள் மாதிரி ஒட்டியதும் ரப்பர் தேய ஆரம்பிக்கும். திறந்து பார்த்தால் கிரீஸ் வெண்ணெய் மாதிரி வெளுத்துக் கிடக்கும், குண்டுகளில் துரு.

2010-ல் இதற்கு ஒரு வழி பிடித்தேன். சீலுக்கு மேலே ஷாஃப்டில் ஒரு சின்னத் தொப்பி. கவிழ்த்து வைத்த குங்குமச் சிமிழ் மூடி மாதிரி இருக்கும். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி, இறங்குகிற தண்ணீரை ஓரத்துக்கு உதறிவிடும். அதன் விளிம்பு ஹவுசிங்கில் வெட்டிய ஒரு வட்டக் காடிக்குள் எங்கும் உரசாமல் உட்காரும். சொல்வதற்கு இரண்டு வரி. அந்தக் காடியின் ஆழமும் இடைவெளியும் பிடிபட ஏழு மாதம் ஆனது. ஒரு ஹோட்டலில் தினமும் அதிகாலை நாலு மணிக்குப் போய் நின்று பார்த்தேன்.

2011-ல் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டேன். ஹவுசிங்கைப் பாதியாக அறுத்து, தொப்பி வெளியே தெரிகிற மாதிரி மேஜையில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் போனில் படம் பிடித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மெஷின் விற்றது.

ஐந்து மாதம் கழித்து ஆவாரம்பாளையத்தில் ஒரு ஸ்பேர் கடையில் அந்தத் தொப்பி தனியாக, கவரில் போட்டுத் தொங்குகிறது. என் பேட்டர்னில் ஓரமாக ஒரு சின்ன முண்டு இருந்தது, நான் ராவ மறந்தது. அந்த முண்டும் அதில் இருந்தது. என் பாகத்தையே பேட்டர்னாக வைத்து வார்த்திருக்கிறார்கள். கடையிலேயே கை நடுங்கியது எனக்கு.

பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரிடம் ஓடினேன். அவர் டிராயிங்கைக்கூடப் பார்க்கவில்லை. கேட்ட முதல் கேள்வி: "விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதை வெளியில் எங்கேயாவது காட்டினீங்களா?"

அதோடு முடிந்தது. காட்டிவிட்டால் அது புதியது இல்லை. மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சியாக இருந்தால் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு, சட்டத்தின் 31-ஆம் பிரிவு. நான் போனது அந்த வகை இல்லை.

தம்பி, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகுதான் ஸ்டால்.

7 ஜனவரி, இரவு 9.05

செலவு எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணைய வழியில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தை ஆய்வு செய்யும்படி அலுவலகத்தைக் கேட்பதற்கு 4,000. அந்தக் கோரிக்கையை 48 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கிடைத்த பிறகு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் வருடம் முதல் ஆண்டுக் கட்டணம், வருடம் ஏற ஏற அதுவும் ஏறும். ஏஜென்ட் கட்டணம் தனி, அதுதான் பெரிது.

9 ஜனவரி, மதியம் 1.30

"என் தங்கை எழுதிய கவிதைக்குக் காப்புரிமை வாங்க வேண்டுமா" என்று ஒரு கேள்வி. வேண்டாம். நம் மொழியில் காப்புரிமை என்ற சொல்லைப் பேட்டன்டுக்கும் பதிப்புரிமைக்கும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். கவிதைக்கு இருப்பது பதிப்புரிமை. எழுதிய கணமே வந்துவிடும், இந்தியாவில் எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் ஓடும். இந்த இழையில் பேசுவது பேட்டன்ட். விண்ணப்பித்து, சண்டை போட்டு வாங்குவது. 20 வருடத்தில் முடிந்துவிடும்.

11 ஜனவரி, இரவு 11.50

7-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். நான்கு நாளாக மனசு உறுத்துகிறது.

கண்காட்சியில் காட்டியதால் எல்லாம் போயிற்று என்ற மாதிரி எழுதியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிவருகிறேன். முழு உண்மை அதில்லை. அந்த ஏஜென்ட் அன்றைக்கு என்னை அனுப்பிவிட்டாலும், மறுவாரம் கூப்பிட்டு ஒரு பழைய அமெரிக்க பேட்டன்டின் பிரதியைக் கொடுத்தார். மோட்டார் ஷாஃப்டுக்கானது. கையால் வரைந்த படம். அதில் தொப்பி இருந்தது, காடியும் இருந்தது. தண்ணீரை உதறும் வளையம், உரசாத காடி என்பதெல்லாம் பம்ப்பிலும் மோட்டாரிலும் நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட சங்கதி.

சட்டம் கேட்பது மூன்று. புதியதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதில் நான் தேறியிருப்பேனா? மோட்டாரில் இருப்பதை கிரைண்டருக்குக் கொண்டுவந்தது அவ்வளவு பெரிய தாவலா? இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டேன். அந்தத் தொப்பியை வார்த்தவர் அடுத்த வருடமே அலுமினியத்தை விட்டு நைலானுக்குப் போனார். காடியின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டார், தேங்கும் தண்ணீர் வடிந்துபோக. என்னுடையதில் அந்தத் துளை இல்லை. மாவுத் தண்ணீர் தேங்கிப் புளித்து நாற்றம் வருகிறது என்று ஹோட்டல்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. நான் என்ன செய்தேன்? அவருடையதைப் பார்த்து என்னுடையதிலும் துளை போட்டேன். இன்றுவரை அவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. டீக்கடையில் பார்த்தால் "வாங்க" என்போம்.

என்னிடம் வேலி இருந்திருந்தால் அந்தத் துளை வந்திருக்குமா?

12 ஜனவரி, காலை 7.00

அந்தப் பழைய பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. எனக்கு எரிச்சலூட்டிய அதே காகிதம்தான் அப்புறம் எனக்கு வாத்தியார் ஆனது. காலாவதியான பேட்டன்ட் யாருக்கும் சொந்தமில்லை. கூகுள் பேட்டன்ட்ஸில், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெநெட்டில், நம் அலுவலகத்தின் தளத்தில் எல்லாம் இலவசம். இரண்டு அடுக்குக் காடி எப்படி வெட்டுவது என்பதை நான் அப்படித்தான் கற்றேன். யாரோ ஒருவர் தன் வேலிக்கு விலையாக எழுதிக் கொடுத்தது, வேலி விழுந்து பல பத்தாண்டு கழித்து கணபதியில் ஒரு லேத்தில் வேலை செய்கிறது. 'எழுதிக் கொடுக்க வேண்டும்' என்ற நிபந்தனையின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

16 ஜனவரி, இரவு 8.30

மாட்டுப் பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அண்ணன் காளைக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இந்த இழை நினைவுக்கு வந்தது.

அண்ணனுக்கு 2007-ல் ரத்தப் புற்று, நாள்பட்ட மைலாய்டு வகை. டாக்டர் சொன்னது: தினமும் இமாட்டினிப், ஆயுள் முழுக்க. அசல் மாத்திரை கிளிவெக், மாதம் சுமார் 1.2 லட்சம். எங்கள் தோட்டத்தை விற்றாலும் இரண்டு வருடத்துக்குக் காணாது. நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதம் எட்டாயிரம், பத்தாயிரம். அதுவும் எங்களுக்குப் பாரம்தான். ஆனால் தூக்க முடிந்த பாரம்.

ஏன் அந்த விலையில் கிடைத்தது என்பதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. நீதிபதி ராஜகோபால அய்யங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், 1959-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். இந்திய பேட்டன்டுகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை இங்கே தயாரிப்புக்கே வருவதில்லை என்று அதில் காட்டினார். வேலி மட்டும் நம் நிலத்தில், விளைச்சல் வேறெங்கோ. அதன்மேல்தான் 1970 சட்டம் வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மேல் பேட்டன்ட் கிடையாது, செய்முறையின்மேல் மட்டும், அதுவும் சில வருடங்களுக்கு. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் தப்பில்லை. நம் ரசாயனக்காரர்கள் வேறு வழி கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தார்கள்.

உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் பேட்டன்ட் திரும்பி வந்தது. ஆனால் சட்டத்தின் 3(டி) என்ற பிரிவையும் இறுக்கினார்கள். ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவம், குணப்படுத்தும் திறன் கூடியிருந்தால் ஒழிய, புதுக் கண்டுபிடிப்பு ஆகாது. கிளிவெக் செய்யும் சுவிஸ் கம்பெனி நோவார்டிஸ் 1998-ல் சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தது இமாட்டினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்கு. 2006 ஜனவரியில் அலுவலகம் மறுத்தது. பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது மட்டும் நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்றாகாது என்று சொன்னது.

அண்ணன் சென்னை பார்த்தது நாலைந்து முறைதான். தன் உயிர் அந்த ஊரில் ஒரு கோப்பில் கிடந்தது அவருக்குத் தெரியாது.

20 ஜனவரி, மாலை 6.45

"அடுத்தவன் உழைப்பைத் திருடிப் பிழைத்த கதைக்கு இத்தனை பெருமையா" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது, ஒதுக்கவில்லை. என் தொப்பியை ஸ்பேர் கடையில் பார்த்தபோது எனக்கும் இதே சொல்தான் வாயில் வந்தது.

ஆனால் ஒன்று பாருங்கள். சுவிட்சர்லாந்துக்கு 1888 வரை உருப்படியான பேட்டன்ட் சட்டமே கிடையாது. அதுவும் ரசாயனச் செய்முறைகளை 1907-ல்தான் தொட்டது. பாசல் நகரத்துச் சாயக் கம்பெனிகள் பிரான்சும் ஜெர்மனியும் கண்டுபிடித்த சாயங்களைப் பார்த்துச் செய்தே வளர்ந்தன. சீபா, கைகி, சாண்டோஸ் என்ற அந்த வம்சம்தான் 1996-ல் ஒன்றுசேர்ந்து நோவார்டிஸ் ஆனது. ஹாலந்து இருந்த சட்டத்தையும் 1869-ல் ரத்து செய்தது, 1912 வரை இல்லாமலே ஓட்டியது. பல்பு செய்யும் பிலிப்ஸ் கம்பெனி பிறந்தது 1891-ல், அந்த இடைவெளியில்.

ஏணியில் ஏறுகிறவரை எல்லா நாடும் பார்த்துத்தான் செய்திருக்கிறது.

21 ஜனவரி, காலை 6.10

நேற்று எழுதியது பாதிப் பதில். கேட்டவர் விடவில்லை: "எல்லோரும் பார்த்தே செய்தால், செய்து பார்ப்பது யார்?"

சரி. இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இமாட்டினிப் வானத்திலிருந்து விழவில்லை. ரசாயனக்காரர்கள் ஆயிரக்கணக்கான சேர்மங்களைத் தட்டிப்பார்த்து, டாக்டர்கள் வருடக்கணக்கில் நோயாளிகளிடம் சோதித்து, 2001-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அதில் அரசுப் பணம் உண்டு, பல்கலைக்கழக உழைப்பு உண்டு, கம்பெனிப் பணமும் பெரிதாக உண்டு. அந்தக் கம்பெனி இங்கே பல ஆயிரம் பேருக்கு மாத்திரையை இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பணக்கார நாடுகளின் வேலி இல்லாவிட்டால் அந்த மாத்திரை பிறந்தே இருக்காது. நம் நாட்டில் அந்த வேலியில் ஒரு கடவு விட்டிருக்காவிட்டால் என் அண்ணன் இருந்திருக்க மாட்டார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

மருந்தில்தான் அந்தப் பள்ளம் எல்லாவற்றிலும் ஆழம். செய்து பார்க்கப் பத்து வருடம். பார்த்துச் செய்யக் கெட்டிக்கார ரசாயனக்காரர் ஒருவர் போதும். மருந்துக்கே வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு உயரம், எத்தனை வருடம், எங்கே கடவு என்பதுதான் சண்டை.

28 ஜனவரி, ஞாயிறு, மதியம்

ஜேம்ஸ் வாட் கதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வாட் நீராவி இன்ஜினுக்குத் தனிக் கண்டென்சர், அதாவது நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் பாத்திரம், வைத்தார், 1769-ல் பேட்டன்ட். 1775-ல் பார்லிமென்ட் அதை 1800 வரை நீட்டியது. அதே வருடம்தான் போல்டன் என்ற முதலாளியோடு கூட்டுத் தொழில் உறுதியாகிறது. வேலி நீண்டதால் முதலாளி வந்தார் என்று வைத்துக்கொண்டால், பேட்டன்ட் தன் வேலையைச் செய்தது.

ஆனால் அதே வாட் இன்னொருவரின் வேலியில் முட்டிக்கொண்டார். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுற்றலாக மாற்ற கிராங்க் வேண்டும். கால் தையல் மெஷினில் இருப்பதுதான், எவ்வளவோ பழைய சமாச்சாரம். நீராவி இன்ஜினில் அதைப் போடுவதற்கு 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் பேட்டன்ட் வாங்கிவிட்டார். வாட் பணியவில்லை. ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொன்று உருண்டு போகிற மாதிரி சுற்றுவழி ஒன்றை அவர் பட்டறையில் செய்தார்கள். சூரியன், கோள் என்று பெயர். அழகான வேலை. இருந்தாலும் அந்த மூளை கிராங்கைத் தவிர்ப்பதில் செலவானதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால். செம்பு, தகரச் சுரங்கங்கள். தண்ணீர் இறைக்க இன்ஜின், கரி கப்பலில் வேல்ஸிலிருந்து வர வேண்டும். அதனால் கரி மிச்சம் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. வாட்டும் போல்டனும் மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். ஹார்ன்புளோவர் என்ற உள்ளூர் இன்ஜினியர் வேறு மாதிரி இன்ஜின் செய்தார், வழக்கில் மாட்டினார். 1800-ல் பேட்டன்ட் முடிந்தது.

இனிதான் விசேஷம். 1811-லிருந்து அங்கே மாதாமாதம் ஓர் அறிக்கை வர ஆரம்பித்தது. ஜோயல் லீன் என்பவர் நடத்தியது. எந்தச் சுரங்கத்தில் எந்த இன்ஜின், யார் செய்தது, என்ன அளவு, ஒரு மூட்டைக் கரிக்கு எவ்வளவு தண்ணீரைத் தூக்கியது என்று வரிசையாகப் போடுவார்கள். எல்லோரும் எல்லோருடையதையும் பார்க்கலாம். ட்ரெவிதிக் என்ற அந்த ஊர் இன்ஜினியர் 1812-ல் நிறுத்திய இன்ஜினுக்கு பேட்டன்ட் வாங்கவே இல்லை. அடுத்த முப்பது வருடத்தில் ஒரே அளவு கரிக்கு அந்த இன்ஜின்கள் செய்த வேலை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. யாரோ ஒரு மேதையால் இல்லை. இவர் குழாயை நீட்டினார், அவர் வால்வை மாற்றினார், மூன்றாமவர் கொதிகலனைப் போர்த்தினார்.

தம்பி, உங்கள் தெரு இதுதான். எங்கள் ஆவாரம்பாளையமும் இதுதான். அச்சடித்த அறிக்கை மட்டும் இல்லை, அதற்குப் பதில் டீக்கடை.

உங்கள் டிரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு என் பதில் இதில் இருக்கிறது. உங்கள் தொழிலில் செய்து பார்க்க ஒரு வாரம், பார்த்துச் செய்ய இரண்டு நாள். பள்ளம் சின்னது, தாண்டிவிடலாம். தவிர நீங்கள் இன்று கொடுத்தது நாளை இன்னொருவர் கை வழியாக மெருகேறித் திரும்பி வருகிறது. எனக்கு அந்தத் துளை வந்த மாதிரி. இங்கே ஆளுக்கொரு வேலி போட்டால் தெருவே நின்றுபோகும்.

4 பிப்ரவரி, இரவு

"மஞ்சளுக்கே அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கிவிட்டானே" என்று ஈரோட்டிலிருந்து இன்னொருவர். மஞ்சளுக்கு இல்லை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, 1995-ல், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்தது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953-ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரையையும் காட்டி எதிர்த்தது. 1997-ல் ரத்தானது. நம் பாட்டி வைத்தியம் அமெரிக்க பேட்டன்ட் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? எழுதி வைத்தது தெரியும். சித்த, ஆயுர்வேத முறைகளைத் தொகுத்துப் பேட்டன்ட் அலுவலகங்கள் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு டிஜிட்டல் நூலகமே அதன் பிறகு உண்டானது.

18 பிப்ரவரி, காலை 5.50

ஜனவரி 21 குறிப்பில் 'கடவு' என்று எழுதினேன். அது என்ன, யாருக்குத் திறக்கும் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒன்று, 3(டி) மாதிரி வாசலிலேயே வடிகட்டுவது. இன்னொன்று கட்டாய உரிமம். பேயர் கம்பெனியின் நெக்ஸாவர், சிறுநீரக, கல்லீரல் புற்றுக்கான மருந்து. ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் நம் பேட்டன்ட் அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் ஹைதராபாத்தின் நாட்கோவுக்கு அதைச் செய்ய உரிமம் கொடுத்தார். விலை மாதம் 8,800-க்கு மேல் போகக்கூடாது, விற்பனையில் 6 சதவீதம் பேயருக்கு ராயல்டி. பிறகு மேல்முறையீட்டில் அது 7 ஆனது. இந்தியாவில் முதல் கட்டாய உரிமம் அது. வேலியைப் பிடுங்கவில்லை, வேலிக்காரருக்குப் பங்கு கொடுத்துவிட்டு வழி திறந்தார்கள். எனக்கு இது 1970 சட்டத்தைவிட நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. திருடு என்று கோபப்பட்டாரே, அவருக்கும் இதில் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொருளாதாரம் படித்த ஒருவர், மொத்தத்தில் பேட்டன்டால் உலகத்துக்கு லாபமா நஷ்டமா என்று முடிவாகக் கேட்கிறார். ஃப்ரிட்ஸ் மாக்லப் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 1958-ல் அமெரிக்க செனட் குழுவுக்கு எழுதினார். இன்று இந்த முறை இல்லாமல் இருந்தால் புதிதாகக் கொண்டுவரச் சொல்ல என் அறிவு இடம் தராது, இருக்கிறபோது எடுத்துவிடு என்று சொல்லவும் இடம் தராது என்பது அவர் முடிவின் சாரம். நான் அவ்வளவு பெரிய கேள்விக்குப் போகவில்லை. மருந்துக்கும் மஞ்சள் டிரம்முக்கும் ஒரே 20 வருடம் என்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

17 மார்ச், இரவு

திருத்தம். ஜனவரி 7-ல் ஆய்வுக் கோரிக்கைக்கு 48 மாதம் என்று எழுதியிருந்தேன். விதிகள் மாறிவிட்டன. மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான்.

24 மார்ச், காலை 6.30

தம்பி தனியாக எழுதியிருந்தார், டிரம்மில் என்ன செய்திருக்கிறார் என்று. அனுமதி கேட்டுக்கொண்டு, விவரம் இல்லாமல், பதிலை மட்டும் இங்கே போடுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு, பார்த்தவர் யாரும் செய்துவிடக்கூடியது. விட்டுவிடுங்கள். தெருவில் ஓடட்டும், இன்னும் நல்லதாகத் திரும்பி வரும். தூசியைப் பிரித்து எடுக்கும் அந்த மூன்றாவது வேறு. இரண்டு வருடம் செய்து பார்த்திருக்கிறீர்கள், பாலிஷ் போடுகிறவர்களின் நெஞ்சுக்குள் போகிற தூசி அது. அதற்கு வேலி கேட்பதில் தப்பே இல்லை. முதலில் பழைய பேட்டன்டுகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடுங்கள். ஏற்கெனவே இருந்தால் ஏஜென்ட் காசு மிச்சம். இல்லையென்றால் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். அதில் எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி பொருந்தும், அதனால் அளவு, கோணம் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை டிராயிங்கை வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். எனக்கும் வேண்டாம். எண் வந்ததும் சொல்லுங்கள், பஸ் ஏறி வந்து நேரிலேயே பார்க்கிறேன்.